வாசலுக்கு வந்த வைக்கோல் கன்று

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எல்லோரும் என்றால் நானும் உன் அம்மாவும்தான். அவளுக்கு முட்டிவலி, எனக்கு மூச்சிரைப்பு. ஆகவே சுகத்தில் பாதியைக் கழித்துவிட்டுப் படித்துக்கொள். உன் கடிதம் நேற்றுப் பகல் வந்தது. அம்மா என்னை உரக்கப் படிக்கச் சொன்னாள். முதல் பாதியைக் கேட்டுச் சிரித்தாள். "அப்பன் உக்காந்த நாற்காலியில மகன்" என்று எதிர்வீட்டுக்காரியிடம் போய்ச் சொல்லிவிட்டும் வந்தாள். இரண்டாம் பாதியைக் கேட்டதும் எழுந்து அடுப்படிக்குப் போனாள். வெகுநேரம் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. காலையிலேயே கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள்தான் அவை.

முதல் பாதியில் நீ எழுதியிருப்பது நல்ல சேதி. இந்த மாதத்தோடு நான் வேலையிலிருந்து விலகுகிறேன். என் சனிக்கிழமை வகுப்பை இனி நீ எடுக்க வேண்டும் என்று தொரை முடிவு செய்துவிட்டார். கிள்ளானிலிருந்து ரயிலில் இங்கே வந்து, மாட்டு வைத்தியம் பழகும் பையன்களுக்கு மிருகங்களைத் துன்புறுத்தாமை, பால், இறைச்சி பற்றிய சட்டங்களை நீ சொல்லிக்கொடுக்க வேண்டும். "அப்பா, முதல் வகுப்பில் எதைச் சொல்லலாம்?" என்று கேட்டிருக்கிறாய். இரண்டாம் பாதியில், மருமகளுக்குப் பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சல் இன்னும் விடவில்லை, பால் சுரக்கவில்லை, டப்பாப்பாலைக் கொடுத்தால் பிள்ளை கக்கிவிடுகிறது என்று எழுதியிருக்கிறாய். உன் வீட்டுப் பின்வாசலுக்கு ஒரு பால்காரன் மாட்டை ஓட்டிக்கொண்டு வருகிறான். அவன் தோளில் வைக்கோல் அடைத்த கன்று ஒன்று இருக்கிறது. அந்த வட்டாரத்துக்கு இன்ஸ்பெக்டர் நீ. "கன்றைப் பறிமுதல் செய்வதா, பாலை வாங்குவதா, நீங்களே சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறாய்.

நீ இரண்டு கேள்வியாகக் கேட்டிருக்கிறாய். எனக்கு அவை இரண்டும் ஒன்றுதான். பதில் ஒருவரியில் இருந்தால் தந்தி அடித்திருப்பேன். இல்லாததால்தான் இத்தனை காகிதம்.

முதலில் வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். நீயும் அதில் உட்கார்ந்தவன்தான். ஆபீசுக்குப் பின்னால் மருந்துப் பெட்டிகள் அடுக்கிய அறை, பினாயில் நெடி, கால் ஆடும் பெஞ்சு. மலாய்ப் பையன்கள் சிலர், நம்மவர்கள் சிலர், ஒரு பஞ்சாபி. பாதி இங்கிலீஷ், பாதி மலாய், கோபம் வந்தால் தமிழ் என்று நான் பாடம் நடத்துவேன். வீட்டில் "அப்பா" என்று கூப்பிடும் நீ அங்கே வந்ததும் "சார்" என்று எழுந்து நிற்பாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. வண்டிமாட்டின் கழுத்தில் புண் இருந்தால் நுகத்தடி வைக்கக்கூடாது. கப்பலில் வரும் ஆட்டுக்கு நிற்கவும் படுக்கவும் இடம் வேண்டும். தொழுவத்துக்குச் சிமெண்டுத் தரை, சாக்கடை. பால் கறப்பவன் கையை இன்னின்ன விதமாகக் கழுவ வேண்டும். எல்லாவற்றையும் நீங்கள் தேவாரம் மாதிரி ஒப்பிப்பீர்கள். பரீட்சையில் எல்லோரும் தேறுவீர்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை மட்டும் பரீட்சையில் யாரும் கேட்பதில்லை.

உன்னோடு படித்த ஒருவன் உனக்கு நினைவிருக்கும். ரவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துப் பையன், அப்பா பால்மரம் வெட்டுபவர். கழுத்துப்புண் பாடம் நடத்தியபோது அவன் எழுந்து நின்று, "சார், இந்த செக்‌ஷன் மாட்டுக்கு மட்டுந்தானா?" என்றான். அவன் அப்பாவுக்குக் காலில் ஆறாத புண்; அதோடுதான் தினமும் மலை ஏறி மரம் வெட்டினார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. "மாட்டுக்கு மட்டுந்தான்லா, உட்காரு" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். நீயும் சிரித்தாய். அவன் உட்கார்ந்தான். இன்று அவன் தெலுக் பங்லிமா காராங்கில் இன்ஸ்பெக்டர். வண்டிக்காரன் ஒரு வாழைத்தார் இறக்கிவிட்டால் மாட்டின் கழுத்துப் பக்கமே திரும்பமாட்டானாம். வேலியே பயிரை மேய்கிறது என்று நம் ஆட்கள் வந்து என்னிடம் சொல்கிறார்கள். அன்றைக்கு அவனை உட்காரச் சொன்னவன் நான்தான்.

ஆகவே முதல் வகுப்பில் எதைச் சொல்வது என்றால், எதையும் சொல். பினாயிலை எத்தனை தண்ணீரில் கலப்பது என்று சொல். பையன்கள் எழுதிக்கொள்வார்கள். நான் இப்படி எழுதுவது உனக்கு வருத்தமாக இருக்கும். வேலையை விடுகிற வயதில் எல்லாக் கிழவர்களும் இப்படித்தான் பேசுவார்கள் என்று மருமகளிடம் சொல்லிச் சிரித்துக்கொள். ஆனால் இரண்டாவது கேள்விக்கு என்னால் அப்படிக் கைகழுவ முடியாது. அது என் பேரன் வயிற்றுக் கேள்வி.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒரு சேதி. நீ வளர்ந்ததே வைக்கோல் கன்று சுரக்கவைத்த பாலில்தான். நீ பிறந்தபோது உன் அம்மாவுக்கும் இதே காய்ச்சல், இதே கதை. அப்போது நாம் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே லயத்தில், கூலிக்காரர் வீடுகளின் பின்வரிசையில் குடியிருந்தோம். நான் மாட்டாஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுக்கிற சின்ன வேலையில் இருந்தேன். ஆற்றோரம் காத்தமுத்து என்று ஒரு பால்காரன் கொட்டகை போட்டிருந்தான். அவனிடம் செவலை என்று ஒரு பசு. சிவப்பு நிறம், ஒரு கொம்பு வளைந்தது. தலையீற்றுக் கன்று பிறந்த சில நாளில் செத்துவிட்டது. கன்று இல்லாவிட்டால் நாட்டுமாடு பாலை அடக்கிக்கொள்ளும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காத்தமுத்து கன்றின் தோலை உரித்து, உப்புத் தேய்த்துக் காயவைத்து, உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்தான். கால்களுக்கு மூங்கில் குச்சி. தினமும் விடிந்ததும் அதைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்து வழியாக நடப்பான். செவலையைக் கயிற்றால் இழுக்க வேண்டியதில்லை. கன்றின் பின்னாலேயே வரும்.

தண்ணீர் கலக்கவில்லை என்று காட்ட வீட்டு வாசலிலேயே கறப்பது அப்போது வழக்கம். நம் வாசலில் கன்றை இறக்கி வைப்பான். "வாடி செவலை, ஒம்புள்ள இங்கதான் இருக்கு, எங்கயும் போகல" என்பான். அது வந்து நக்கும். நக்க நக்க மடி இறங்கும். உன் அம்மா உள்ளே பாயில் காய்ச்சலில் கிடப்பாள், பக்கத்தில் நீ கத்திக்கொண்டிருப்பாய். ஒருநாள் அவள் சொன்னாள், "அந்த மாட்ட ஏமாத்தி எம்புள்ளைக்குப் பால் வாங்குறீங்களேங்க." நான், "அது ஏமாறலைன்னா ஒம்புள்ள பொழைக்காது" என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நீ பிழைத்தாய். கன்னம் உப்பி, தொடை மடிந்து, லயமே தூக்கிக்கொஞ்சும் பிள்ளையாக வளர்ந்தாய். காத்தமுத்து உன்னைப் பார்க்கும்போதெல்லாம் "எங்க செவலை புள்ள" என்பான். எனக்கு அது பிடிக்காது. ஆனால் அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். செவலை விஷயத்தில் அது பச்சைப் பொய். அடுத்தடுத்த ஈற்றுக் கன்றுகளும் செத்தன. பால் முழுதும் லயத்துப் பிள்ளைகளுக்குப் போனால் கன்றுக்கு ஏது? காத்தமுத்து கெட்டவன் இல்லை. கன்றுக்கு ஒரு காம்பு விடுவேன் என்பான். யாராவது கைப்பிள்ளையோடு வந்து நின்றால் அதையும் கறந்து ஊற்றிவிடுவான். பழைய தோலையே பிரித்துப் புது வைக்கோல் திணிப்பான். செவலைக்கு அந்தத் தலைப்பிள்ளையின் வாசனைதான் பிடித்தது.

பிறகு உன் தங்கை பிறந்தாள். நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த சமயம். அவளுக்கு அம்மா சில மாதம் பால் கொடுத்தாள், பிறகு வற்றிவிட்டது. மறுபடியும் காத்தமுத்து, மறுபடியும் செவலை. எட்டு மாதப் பிள்ளை, பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தாள். வயிற்றுப்போக்கு கண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருந்து கொடுக்கும் டிரசர் உதட்டைப் பிதுக்கினார். "பாலாத்தான் இருக்கும். தண்ணியாவும் இருக்கலாம். யாரு கண்டா?" என்றார். மறுநாள் அவள் இல்லை.

காரியம் முடிந்ததும் நான் ஆற்றோரக் கொட்டகைக்குப் போனேன். இத்தனை வருடம் நம் வாசலில் வந்து நின்ற அந்தக் கன்றை அன்றுதான் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். வயிற்றுத் தையல் விட்டிருந்தது, உள்ளே புழு. மாட்டின் எச்சிலில் ஊறி முதுகெல்லாம் பிசுபிசுப்பு. காத்தமுத்து அதைத் தூக்கி நிறுத்திவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அதே கையால் காம்பைப் பிடித்தான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவன் சட்டையைப் பிடித்தேன். அவன் தடுக்கவில்லை. "அடிங்கய்யா" என்றான். அவனும் அழுதுகொண்டிருந்தான். அடிக்காமல் வந்துவிட்டேன். அதற்குப் பதிலாகச் சட்டத்தைப் படித்தேன்.

எல்லாம் முன்னமே எழுதி வைத்திருந்தார்கள். பால் கறக்கும் இடத்தில் செத்த மிருகத்தின் எந்தப் பாகமும் இருக்கக்கூடாது, தெருவில் மாட்டை ஓட்டிவந்து கறக்கக்கூடாது, குடியிருப்புக்குள் மாடு கட்டக்கூடாது. சட்டம் தூங்கிக்கொண்டிருந்தது, எழுப்ப ஆள் இல்லை. அந்தச் சமயத்தில்தான் மாட்டு வைத்தியம் பழகச் சில பையன்களை எடுத்தார்கள். அதற்குள் நானும் இன்ஸ்பெக்டராகியிருந்தேன். தொரையிடம் போய், சட்டப்பாடத்தை நான் நடத்துகிறேன் என்று கேட்டு வாங்கினேன். முதல் மாதமே பையன்களைக் கூட்டிக்கொண்டு காத்தமுத்துவின் கொட்டகைக்குப் போனேன். கன்றை எடுத்துச் சாக்கில் போட்டுக் கட்டச் சொன்னேன்.

"ஐயா, தோல எடுத்துக்கிட்டுப் போனா செவலை நிக்காதுய்யா" என்றான் காத்தமுத்து. "வெயில்ல நல்லாக் காயவச்சு வேற வைக்கோல் போடறேன். நீங்க சொல்றபடி கை கழுவறேன். கன்னு மட்டும் இருக்கட்டும்யா."

நியாயமான பேச்சு. இன்றைக்கு யோசித்தால் அதைத்தான் செய்திருக்கலாம் என்று நீ நினைப்பாய். ஆனால் மகனே, அந்தத் தோலை எத்தனை காயவைத்தாலும் சுத்தமாகாது. அதுவும் எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். சட்டம் சரியான சட்டம். அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. அதுதான் இதில் பெரிய கொடுமை.

செவலை பாலை அடக்கிக்கொண்டது. காத்தமுத்து வெல்லத்தண்ணீர் கொடுத்துப் பார்த்தான், தடவிக்கொடுத்துப் பார்த்தான், தானே கன்றைப்போல அம்மா என்று கத்திப் பார்த்தானாம். மடி வீங்கி, நொந்து, பிறகு வற்றத் தொடங்கியது. செந்தூலிலிருந்து ஒரு தரகன் வந்தான். ரவாங்கில் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஒருவர் வீட்டுக்குப் பசு தேடுகிறார், மேய நிலம் இருக்கிறது, வேறொரு கன்றோடு சேர்த்துப் பழக்கிக்கொள்வார் என்றான். காத்தமுத்து செவலையின் நெற்றியில் திருநீறு பூசி அனுப்பி வைத்தான்.

அடுத்த சனிக்கிழமை பையன்களுக்குக் கசாப்புக் கொட்டகையில் பாடம். வெட்டுவதற்கு முன் மாட்டை எப்படிப் பார்ப்பது, வெட்டிய பின் இறைச்சியை எப்படிப் பார்ப்பது என்று காட்ட வேண்டும். பால் பாடத்துக்கும் உதவட்டும் என்று அந்த வைக்கோல் கன்றைச் சாக்கோடு கொண்டுபோயிருந்தேன். ஒரே நடையில் இரண்டு பாடம் என்று என் கெட்டிக்காரத்தனம். சாக்கைச் சுவரோரம் போட்டுவிட்டு, வரிசையில் நின்ற மாடுகளின் வாயையும் கண்ணையும் பார்த்துக்கொண்டு வந்தேன். நான்காவதோ ஐந்தாவதோ, ஒரு கொம்பு வளைந்திருந்தது. நெற்றியில் திருநீறு பாதி அழிந்திருந்தது.

செவலைதான். அதற்குள் அது சாக்கின் பக்கம் தலையைத் திருப்பிவிட்டது. ஒரு குரல் கொடுத்தது. கயிற்றைப் பிடித்திருந்தவனை இழுத்துக்கொண்டே போய்ச் சாக்கை நக்கத் தொடங்கியது. வற்றிவிட்டது என்று விற்ற மாடு, மகனே. நான்கு காம்பிலும் பால் சொட்டியது. பிறகு சொட்டு நின்று ஒழுக்காகவே ஊற்றியது. சிமெண்டுத் தரையில் பரவி, கழுவிவிட்ட இரத்தத்தண்ணீரோடு சாக்கடையில் ஓடியது. வெட்டுகிறவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள். ஒரு மலாய்ப் பையன் தாழ்ந்த குரலில், "வாத்தியாரே, இந்தப் பாலை என்ன செய்வது?" என்று அவன் மொழியில் கேட்டான். அந்த இடத்தில் சுரந்த பாலைக் கொட்டிவிட வேண்டும் என்று செக்‌ஷனைச் சொன்னேன். அவன் எழுதிக்கொண்டான்.

செவலையைப் பரிசோதித்தேன். காய்ச்சல் இல்லை, வாய்ப்புண் இல்லை, நடையில் குறை இல்லை. நிறுத்திவைக்கச் சட்டத்தில் ஒரு காரணமும் இல்லை. நானே வாங்கியிருக்கக்கூடாதா என்று நீ கேட்பாய். எங்கே கட்டுவேன்? லயத்துக்குள் மாடு கட்டக்கூடாது என்று போன வாரம்தான் அதே பையன்களுக்குப் பாடம் நடத்தியிருந்தேன். முத்திரை வைத்தேன். இறைச்சி நல்ல இறைச்சி.

சில வாரம் கழித்துக் காத்தமுத்து நம் வாசலுக்கு வந்தான். கையில் ஒன்றும் இல்லை. தோளில் ஒன்றும் இல்லாமல் அவனைப் பார்க்க எனக்கு ஆள் மாறியதுபோல இருந்தது.

"ரவாங்குக்குப் போனேன்யா. செவலைய ஒருக்கா பாத்துட்டு வரலாம்னு. அப்படி ஒரு கிராணியே அங்க இல்லையாம்" என்றான். பிறகு, "சனிக்கெழம நீங்க கசாப்புக் கொட்டகையிலதான நிப்பீங்க. பாத்தீங்களா?" என்றான்.

"பாத்தேன்" என்றேன்.

அவன் திட்டுவான் என்று நினைத்தேன். அழுவான் என்று நினைத்தேன். அவன் கேட்டது ஒன்றுதான்.

"பால் எறங்குச்சா?"

"எறங்குச்சு."

அவன் என் முகத்தையே பார்த்தான். "அப்ப கன்ன அங்க கொண்டு போயிருக்கீங்க" என்றான். நான் தலையாட்டினேன். இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். பிறகு அவன் செந்தூல் பட்டறையில் கூலியாகச் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. நம் தெருவுக்கு வரவே இல்லை.

அதனால் பிள்ளைகளாவது பிழைத்தனவா என்று கேள். ஆற்றோரக் கொட்டகைகள் போன பிறகு, மலாய்க் கம்பத்துக் கிராமங்களிலிருந்து தகரத்தில் பால் வந்தது. எந்தக் குட்டையின் தண்ணீர் அதில் கலந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். டப்பாப்பால் வந்தது, கைப்பிள்ளைக்கு உதவாது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும், வாங்குபவர்களுக்குப் படிக்கத் தெரியாது. அந்த வருடமும் லயத்தில் பிள்ளைகள் செத்தன. வைக்கோல் கன்றும் ஒழியவில்லை. ஊர் எல்லைக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். இப்போது உன் பின்வாசலில் வந்து நிற்கிறது. நான் வருடம் தவறாமல் சனிக்கிழமை சனிக்கிழமையாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நிறுத்தியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்?

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். கன்றைப் பறிமுதல் செய்தால் அந்த மாடு வற்றும், பால்காரன் விற்பான், எங்கே போகும் என்று உனக்குத் தெரியும். உன் பிள்ளைக்கும் பால் இல்லை. பறிமுதல் செய்யாமல் வாங்கினால், சனிக்கிழமை பையன்கள் முன்னால் எந்த வாயால் செக்‌ஷனைச் சொல்வாய்? பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் பிறகு நீ என்ன ஆவாய்? இருதலைக் கொள்ளி எறும்பு என்று சொல்வார்களே, அதுதான் நீ. மூன்றாவது வழி ஒன்று இருக்கும் என்று நானும் ரொம்ப நாள் தேடினேன். எனக்குக் கிடைக்கவில்லை. இருக்கிறது என்று உனக்கு ஆசை காட்ட எனக்கு மனமில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அம்மா பின்னால் வந்து நின்றாள். "அவன வாங்கச் சொல்லுங்க. நல்லாக் கொதிக்கவச்சுக் குடுக்கச் சொல்லுங்க. சட்டத்த அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள்.

நான் யோசிக்காமல், "பாப்பாவுக்கும் கொதிக்கவச்சுத்தான குடுத்த?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்டிருக்கக்கூடாது. இத்தனை வருடம் இந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. அவள் கோபப்படவில்லை. "ஆமாங்க. கொதிக்கவச்சுத்தான் குடுத்தேன்" என்றாள். பிறகு உள்ளே போய் வெந்தயத்தை வறுக்கத் தொடங்கினாள். அதைப் பொடித்து, பூண்டும் கருவாடும் கட்டி எடுத்துக்கொண்டு நாளை மறுநாள் காலை ரயிலில் அங்கே வருகிறாள். மருமகளுக்குப் பால் சுரக்கும் என்று அவள் நம்புகிறாள். நம்பட்டும். ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கொண்டு போ. அந்த முட்டியோடு அவளால் நடக்க முடியாது.

வகுப்பறை அலமாரியின் அடித்தட்டில் சாக்குக்குள் அந்தக் கன்று இன்னும் இருக்கிறது. கரையான் தின்றது போக ஒரு காதும் முதுகுத்தோலும் மிச்சம். பாடத்தில் காட்டும்போதெல்லாம் பையன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நீயும் ஒருநாள் சிரித்திருக்கிறாய். அதைப் பெற்றவள்தான் உன்னையும் வளர்த்தவள் என்று அப்போது நான் சொல்லவில்லை. இனி அதை வைத்துக்கொள்வதும் எரிப்பதும் உன் பாடு.

பின்வாசலில் நிற்பவனை நீ என்ன செய்தாலும் நான் உன்னைக் குறை சொல்லமாட்டேன். நீ சட்டப்படி நடந்தாலும் சரி, கண்ணை மூடிக்கொண்டாலும் சரி, என்றைக்காவது ஒரு சனிக்கிழமை அந்த மாடு கசாப்புக் கொட்டகையின் வரிசையில் வந்து நிற்கும். பரிசோதிக்க நீ நிற்பாய். உன் பின்னால் எழுதிக்கொள்ளப் பையன்கள் நிற்பார்கள். காலமெல்லாம் பாடம் நடத்தியவன் உனக்கு நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான் இருக்கிறது.

அன்றைக்குக் கன்றை அங்கே கொண்டுபோகாதே.

உன் அப்பா